சாவியைத் திருப்பினால் 'டக்' மட்டும்தானா? ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

வெளியூர் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் கார் மக்கர் செய்யும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே வீட்டில் ஒருவர், ''ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு'' என்று தீர்ப்பே எழுதிவிடுவார். மோட்டாரை மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. ஆனால் பல நேரங்களில் உண்மையான குற்றவாளி பேட்டரியோ, அதன் முனையில் பூத்துக் கிடக்கும் வெள்ளைப் பொடியோதான்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 'டக்டக்டக்' என்று விடாமல் வந்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. சத்தமே இல்லையென்றால், ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்'-இல் இருக்கிறதா எனப் பாருங்கள். மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் இன்ஜின் அசையவில்லையா? அதன் பல்சக்கரம் இன்ஜினோடு சேரவில்லை. அது மெக்கானிக் வேலை.

குழப்பமே அந்த ஒற்றை 'டக்'கில்தான். ''ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தானே இருக்கு?'' என்று கேட்பார்கள். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்தே சுமார் 10 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் ஒரேயடியாக மங்கினால் பேட்டரியையும் அதன் இணைப்பையும் முதலில் சந்தேகியுங்கள். கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் சந்தேகம் மோட்டார் பக்கம் திரும்புகிறது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் வசதி. நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்யச் சமையலறைச் சோடா உப்பே போதும். சாவியை எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. சோடா உப்பு கரைத்த வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில். போல்ட்டை இறுக்க மறக்காதீர்கள். பல கார்களில் வியாதியே லூஸ் கனெக்‌ஷன்தான்.

இத்தனைக்குப் பிறகும் அதே 'டக்' என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையோ சோலனாய்டையோ மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் பலரும் புது மோட்டாரைத்தான் கைகாட்டுவார்கள்.

ஸ்குரூ டிரைவரால் மோட்டார் முனைகளை ஷார்ட் செய்து கிளப்பும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்துவிடாதீர்கள். கியரில் இருக்கும் கார் சட்டென்று பாயும், முன்னால் நிற்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியிலும் நுழையாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதெல்லாம் மேனுவல் கியருக்கு மட்டும்தான். ஆட்டோமேட்டிக்கைத் தெருமுனை வரை தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.