தாம்பரம் தாண்டி – 9: நாற்பது பிள்ளைகள் இருந்தால் போதும்

உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும்தான் வேண்டும் என்று கேரளத்து அங்கன்வாடிப் பிள்ளை ஒன்று மழலையில் கேட்டது. அம்மா அதைக் கைபேசியில் பதிவு செய்து வெளியிட்டார். 2025 பிப்ரவரியில் அந்த வீடியோவைப் பார்க்காத மலையாளி இல்லை என்கிற அளவுக்கு அது பரவியது. அமைச்சர் வீணா ஜார்ஜும் பார்த்தார். உணவுப் பட்டியலைத் திருத்துவது பற்றி யோசிப்போம் என்றார். ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரத்தில் புதிய பட்டியல் வந்தே விட்டது. முட்டை பிரியாணியும் புலாவும் அதில் இடம்பிடித்தன. சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. வாரத்தில் இரண்டு நாள் கிடைத்துவந்த பாலும் முட்டையும் மூன்று நாளாயின.

அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் ஒரு மாற்றம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அதில் திங்கட்கிழமைக்கு உரிய அரிசி உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கலும் சாம்பாரும் தரப்படும் என்று 2025 ஏப்ரலில் அமைச்சர் கீதா ஜீவன் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சாப்பிடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தட்டில் இருப்பதை மாற்றலாம் என்பதற்கு இரண்டும் நல்ல சாட்சி. ஆனால் விடிவதற்குள் வீட்டு வேலைக்கோ துப்புரவு வேலைக்கோ பஸ் பிடிக்கிற ஒரு தாய்க்கு, தன் பிள்ளை பால்வாடியில் என்ன சாப்பிட்டது என்று பார்க்கவே நேரம் கிடையாது. அவருடைய குறை மேலே போய்ச் சேர வீடியோ பரவ வேண்டும் என்று காத்திருக்க முடியுமா? குறையைச் சொல்ல ஓர் இடமும், பதில் வர ஒரு நாளும் குறித்திருக்க வேண்டும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அப்படி என்னென்ன இருக்கின்றன என்று இந்த வாரம் பார்ப்போம்.

பம்மலில் கூடிய சபை

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. மொத்தம் 70 வார்டுகள். அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்று, கிராம சபையைப் போல நகரங்களிலும் பகுதி சபை கூடியபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது இந்த மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில்தான்.

பகுதி சபைக்கான விதிகள் 2022ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டன. ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 உட்பட ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. அந்தந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் போய்ப் பேசலாம்.

தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சிட்லபாக்கம் ஏரியை மீட்கச் சொல்லிக் குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் விடாமல் குரல் கொடுத்தார்கள். அரசு கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கி வேலையைத் தொடங்க வேண்டியதாயிற்று. மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, குப்பை எதுவானாலும் இங்குள்ள நலச்சங்கங்கள் அதிகாரிகளைத் தூங்கவிடுவதில்லை. அந்த வேகத்தோடு பால்வாடிக்காகக் கேட்கும் குரல் அவ்வளவாக எழுவதில்லை.

இதற்குக் காரணம் அக்கறைக் குறைவு என்று சொல்வது நியாயமாகாது. சாலை குண்டும் குழியுமானால் மாநகராட்சியைக் கேட்கலாம். பிள்ளைகள் விஷயத்தில் கதவுகள் பல. அங்கன்வாடி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் சமூக நலத்துறையிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் கல்வித்துறையிடம். தடுப்பூசியும் கர்ப்பிணிகளின் பரிசோதனையும் சுகாதாரத்துறையிடம். குடியிருப்பு வாரிய வீடு என்றால் இன்னொரு அலுவலகம். வார்டு கவுன்சிலரிடம் அங்கன்வாடி ஆயா பணியிடம் காலி என்று சொன்னால், அவராலும் மனுவை வாங்கி இன்னோர் இடத்துக்கு அனுப்பத்தான் முடியும். அனுப்பிய மனு என்ன ஆனது என்று அடுத்த சபையில் யாரும் வாசிக்காவிட்டால் சொன்ன தாய் மறுமுறை வரமாட்டார்.

உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு

பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. உணவு உரிமை வழக்கில், 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அதைத் திறக்க வேண்டும். கிராமத்துக்கும் நகரத்துக் குடிசைப் பகுதிக்கும் இது பொருந்தும். கேட்பவர்கள் யாருடைய சிபாரிசுக்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய பட்டியல், பெற்றோர் கையெழுத்து, மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு ஆகியவை கையில் இருந்தால் மூன்று மாதக் கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இந்த உத்தரவு அதிகம் தேவைப்படும் இடம் தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கண்ணகி நகருக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக் குடிசைப் பகுதி மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திட்டத்தின் விதிப்படி 400 முதல் 800 பேர் வரை உள்ள மக்கள்தொகைக்கு ஓர் அங்கன்வாடி. 20,000 வீடுகளும் நிரம்பி, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 80,000 பேர். 800 பேருக்கு ஒன்று என்றாலே பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மட்டும் 100 அங்கன்வாடிகள் வேண்டும். வீடு கட்டத் திட்டம் போட்ட நாளிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. மக்களைக் குடியேற்றிவிட்டு, பிறகு இடம் தேடுவதால் நோகிறவர்கள் மூன்று வயதுப் பிள்ளைகள்.

எண்ணிக்கை மட்டும் போதாது, நேரமும் பொருந்த வேண்டும். இந்த அம்மாக்களில் பலர் மயிலாப்பூர் போன்ற பழைய இடங்களில் செய்த வேலையை விட முடியாமல் இங்கிருந்தே போய்வருகிறார்கள். பலர் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் துப்புரவு வேலை பார்க்கிறார்கள். மாலையில் பால்வாடி பூட்டிய பிறகும் அவர்கள் வீடு திரும்பியிருப்பதில்லை. மூத்த மகள் பள்ளியை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் உருவாவது இப்படித்தான். எத்தனை மணி வரை மையம் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்த அம்மாக்களைத் தவிர வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு வித்தியாசமும் உண்டு. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சியாக இருப்பதால் அங்கே நடப்பது கிராம சபை. அது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். எட்டாவது மாடியில் குடியிருப்பவருக்கும் கிராம சபையில் எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவர உரிமை உண்டு.

பச்சை, மஞ்சள், சிவப்பு

மக்களே மதிப்பெண் போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் வந்த புதிதில், 2007ஐ ஒட்டி ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முன்னோட்டமாக நடந்தது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் ஆகிய ஐந்து மாவட்டங்கள். கிராமத்துக் குழுவினர் செவிலியர் வருகிறாரா, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்படுகிறதா, மருத்துவமனையில் காசு கேட்கிறார்களா என்று வீடு வீடாக விசாரித்து, நல்லதுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று அட்டையில் நிறம் தீட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் தம் ஊரின் நிலை ஒரு பார்வையில் புரிந்தது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியர்களோடு உட்கார்ந்து பேசினார்கள்.

இப்படிப் பேசினால் பலன் உண்டா? உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களைச் சுற்றி நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. மக்களும் ஊழியர்களும் கூடிக் குறைகளைப் பேசிச் செயல்திட்டம் வகுத்த ஊர்களில், ஓராண்டுக்குள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு 33 சதவீதம் குறைந்ததாக அது சொன்னது. உலகமே வியந்தது. பிறகு அதே நாட்டில் 370க்கும் மேற்பட்ட நிலையங்களில் இன்னும் பெரிய ஆய்வு நடந்தது. சிகிச்சையின் தரம் கொஞ்சம் உயர்ந்தது. குழந்தை இறப்பில் மாற்றம் தெரியவில்லை.

இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருந்து இல்லாத இடத்தில், ஆள் நியமிக்காத இடத்தில், ஊழியரை எத்தனை முறை கேள்வி கேட்டாலும் குழந்தை பிழைக்காது. அங்கன்வாடிப் பணியாளரைக் கூட்டத்தில் நிறுத்தித் திட்டுவது எளிது. அவரே இரண்டு மையங்களைச் சேர்த்துப் பார்க்கிறார் என்றால், புகார் போக வேண்டிய இடம் பணியிடத்தை நிரப்பாத அலுவலகம். மக்களின் கருத்து அவருக்கு எதிராகத் திரும்பாமல், அவருக்கும் சேர்த்துக் கேட்பதாக இருக்க வேண்டும்.

பெட்டியின் சாவி யாரிடம்?

பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளின் குரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பர் 31 அன்று, தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் இறந்தான். திருட்டு வழக்கில் பிடிபட்டு அங்கே அனுப்பப்பட்டு இரண்டு, மூன்று நாட்கள்கூட முழுதாக ஆகவில்லை. அவன் தாக்கப்பட்டது தெரியவந்து, இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளைப் படித்தால் மனம் கனக்கிறது. ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகளே உறுப்பினர்களாக உள்ள குழு இருக்க வேண்டும். பிள்ளைகள் கருத்தெழுதிப் போட ஒரு பெட்டி, அலுவலக அறையிலிருந்து தள்ளி வைக்கப்பட வேண்டும். அதன் சாவி இல்லத்து ஊழியர் கைக்குப் போகக் கூடாது. பிள்ளைகளின் முன்னிலையில் வாரந்தோறும் அதைத் திறக்க வேண்டும். குறையைச் சொன்ன பிள்ளை அடி வாங்காமல் இருக்க என்னென்ன தேவையோ அத்தனையும் யோசித்து எழுதியிருக்கிறார்கள். எழுதியதை நடத்திக் காட்டுவதுதான் பாக்கி.

பகுதி சபைக்கும் இது பொருந்தும். தாம்பரத்தின் 70 வார்டுகளிலும் அடுத்த சபைக்கு முன்பே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. பகுதியில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அங்கன்வாடிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நலச்சங்கமும் மகளிர் சுயஉதவிக் குழுவும் சேர்ந்து கணக்கெடுக்கலாம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரையும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் பள்ளித் தலைமை ஆசிரியரையும் அதே கூட்டத்துக்கு அழைக்கலாம். சென்ற முறை கேட்டது என்ன, நடந்தது என்ன, நடக்காததற்குக் காரணம் என்ன என்பதைக் கூட்டம் தொடங்கியதும் உரக்க வாசிக்கச் சொல்லலாம். வேலைக்குப் போகும் தாய்மார் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடத்தக் கேட்கலாம். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

பள்ளிக்கூடங்களுக்கு இதைவிட வலுவான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் உட்காரும் அம்மாக்கள் என்ன கேட்கிறார்கள், கேட்டதில் எதையெல்லாம் வாங்கித் தந்திருக்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)