ஒரு மைல் தூரம் கேட்ட இருமல்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு புதுவிதமான இருமல் கேட்கத் தொடங்கியது. நாய் குரைப்பதைப் போன்ற வறட்டு இருமல். ஒரு மைல் தூரம் வரை கேட்கும் என்பதால் ‘ஒரு மைல் இருமல்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. சில பன்றிகள் செத்தன. பெரும்பாலானவை சில நாட்களில் தேறிவிட்டன. தேறிய பன்றிக்குச் சந்தையில் விலை உண்டு. அதனால் அந்த இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னர் அந்தப் பன்றிகளுக்குத் தீனி போட்டவர்களும் கொட்டகை கழுவியவர்களும் காய்ச்சலில் படுத்தார்கள். தலைவலி, மயக்கம், வலிப்பு, நினைவிழப்பு என்று நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. மூளைக்காய்ச்சல் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பன்றி, கொசு, மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் நம் வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். சுகாதார அதிகாரிகளும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். கம்பங்களில் புகை மருந்து அடிக்கப்பட்டது. பண்ணைத் தொழிலாளர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

அந்த முடிவுக்கு எதிரான அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வேலைக்குப் போகும் வயதுள்ள ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பக்கத்துக் கம்பத்தில் வசித்த, பன்றிப் பக்கமே போகாத முஸ்லிம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசுவுக்கு இனமும் மதமும் எப்படித் தெரியும்? பன்றிகளோடு நெருங்கிப் பழகியவர்கள்தான் நோயில் விழுகிறார்கள் என்பதைப் பண்ணைக்காரர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபட மாதக்கணக்கானது.

அந்த மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. பீதியில் பேராக் பண்ணைகளிலிருந்து பன்றிகள் அவசர அவசரமாக, வந்த விலைக்கு விற்கப்பட்டன. லோரி லோரியாக அவை தெற்கே போயின. முதலில் சிரம்பானை அடுத்த சிக்காமாட். பிறகு நெகிரி செம்பிலானின் பன்றி வளர்ப்பு மையமான புக்கிட் பெலாண்டோக். 1999 மார்ச் மாதத்துக்குள் அந்த ஊர் நோயின் நடுக்களமாகிவிட்டது. நோயைத் தெற்கே கொண்டுபோனது கொசுவல்ல, வியாபாரம்தான். நட்டத்தைத் தவிர்க்கத் தன் பன்றியை விற்ற ஒருவரை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. லோரி ஓடக்கூடாது என்று தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் வேறு இருந்தார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராக இருந்த சுவா காவ் பிங், நோயாளிகளின் தண்டுவடத் திரவத்திலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கிருமி போல நடந்துகொள்ளவில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு அவரே பறந்தார். உலகம் அதுவரை அறியாத கிருமி அது என்பது அங்கே உறுதியானது. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயர் கிருமிக்கு வைக்கப்பட்டது. போர்ட்டிக்சன் மாவட்டத்தின் அந்தச் சிறிய கம்பம் இன்று உலக மருத்துவ நூல்களில் எல்லாம் இருக்கிறது.

மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள். ராணுவத்தினரைக் கொண்டு சுமார் 11 லட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது.

“பன்றி இறைச்சியை நாம் தொடுவதே இல்லை, நமக்கென்ன?” என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். ஆனால் இதில் செத்தவர்கள் இறைச்சி சாப்பிட்டதால் சாகவில்லை. சமைத்த இறைச்சியால் யாருக்கும் நோய் வந்ததாகச் சான்று கிடையாது. மேசையில் உட்கார்ந்தவருக்கு ஆபத்தில்லை. கொட்டகையில் நின்றவருக்குத்தான் ஆபத்து.

இதைச் சிங்கப்பூரில் நடந்தது தெளிவாகவே காட்டியது. பன்றிப் பண்ணைகளே இல்லாத நாடு அது. மலேசியாவிலிருந்து உயிருடன் வந்த பன்றிகள் அங்குள்ள அறுப்புக்கூடத்தில் வெட்டப்பட்டன. 1999 மார்ச் மாதத்தில் அந்த வேலையில் இருந்த 11 பேருக்கு நிப்பா தொற்றியது. எல்லோரும் ஆண்கள். எட்டுப் பேருக்கு மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள், மூவருக்கு நுரையீரல் அழற்சி. ஒருவர் இறந்தார். உயிருள்ள பன்றிகளைக் கையாண்டதே முக்கியக் காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. அறுப்புக்கூடம் மூடப்பட்டு, மலேசியப் பன்றிகள் நிறுத்தப்பட்டதும் நோயும் நின்றது. இவ்வளவு விரைவாக நிறுத்த முடிந்த ஒன்று, எல்லைக்கு இந்தப் பக்கம் ஏன் அத்தனை மாதங்கள் ஓடியது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

கிருமி எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால்களிடமிருந்து. வௌவால் நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கிறது, பன்றியும் இருக்கிறது. அப்படியிருக்க 1998இல் மட்டும் என்ன புதிதாக நடந்தது? நோய் முதலில் தலைகாட்டிய ஈப்போ பண்ணையில் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டகைகளை ஒட்டியே விற்பனைக்காக மாமரங்கள் வளர்க்கப்பட்டன. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். வௌவால் கடித்துப் போட்ட மாம்பழம் பன்றியின் வாய்க்குப் போகிறது. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்றி வளர்க்கும் இடத்தில் இது நடந்திருந்தால், பத்தும் இருமித் தேறியதும் கிருமிக்குப் புதிய உடல் கிடைக்காது, அது அங்கேயே மடிந்துவிடும். 30,000 பன்றிகள் உள்ள இடத்தில் வாரந்தோறும் புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். கிருமிக்குத் தீனி தீராது. பண்ணையின் அளவே நோய்க்கு அடுப்பானதை ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள். ‘கன்டேஜியன்’ என்ற 2011ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சியில் வௌவாலும் பன்றியும் வருவது சும்மா இல்லை.

பழ மரங்களைக் கொட்டகைப் பக்கம் வைக்கக்கூடாது என்ற பாடத்தைப் பண்ணைகள் கற்றுக்கொண்டன. வேலை செய்பவரைப் பற்றிய பாடத்தை இறைச்சித் தொழில் கற்றுக்கொண்டதா? 21 ஆண்டுகள் கழித்து வேறொரு கிருமி வந்தபோது அதற்குப் பதில் தெரிந்தது. கோவிட்-19 விலங்கிடமிருந்து அல்லாமல் சக மனிதரிடமிருந்து தொற்றியது. ஆனாலும் உலகெங்கும் அது கொத்துக் கொத்தாகப் பற்றிய இடங்களில் ஒன்று இறைச்சி ஆலை.

காரணம் கட்டட அமைப்பிலேயே இருக்கிறது. இறைச்சி கெடாமலிருக்கக் கூடம் குளிராக, ஈரமாக இருக்கும். அந்தக் குளிரும் ஈரமும் கிருமிக்கும் வசதி. இயந்திர இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஓடும் வார்ப்பட்டையின் இருபுறமும் தோளோடு தோள் உரச நின்றுதான் வெட்ட வேண்டும். பட்டையின் வேகத்தை மேலாளர் முடிவு செய்கிறார். விலகி நிற்க முடியாது, மூச்சு வாங்க நிற்கவும் முடியாது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலம், வாட்டர்லூ நகரில் உள்ள டைசன் ஃபுட்ஸ் பன்றி இறைச்சி ஆலையில் சுமார் 2,800 பேர் வேலை செய்தார்கள். 2020 ஏப்ரல் 10ஆம் தேதி அங்கே போய்ப் பார்த்த அந்த வட்டாரக் காவல்துறைத் தலைவர் அதிர்ந்துபோய், ஆலையை மூடச் சொல்லிக் கேட்டார். மூடப்பட்டது ஏப்ரல் 22இல். அதற்குள் தொற்று பரவிவிட்டிருந்தது. 1,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு நோய் கண்டது, பலர் இறந்தார்கள். நாட்டின் உணவு விநியோகச் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது என்று நிறுவனத் தலைவர் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். இரண்டு நாளில், இறைச்சி ஆலைகளைத் திறந்து வைக்கும்படி அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். அந்த ஆணைக்கு முன்மாதிரி எழுதிக் கொடுத்ததே இறைச்சித் தொழில் தரப்புதான் என்று நாடாளுமன்றக் குழு ஒன்று 2022இல் வெளிப்படுத்தியது.

இதைவிட மோசமான ஒன்று வழக்கில் வந்தது. எத்தனை தொழிலாளர்களுக்குத் தொற்று வரும் என்று வாட்டர்லூ மேலாளர்கள் தங்களுக்குள் பணம் கட்டிப் பந்தயம் வைத்ததாக, இறந்த தொழிலாளி ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கு குற்றம் சாட்டியது. நிறுவனம் விசாரித்து, 2020 டிசம்பரில் ஏழு மேலாளர்களை வேலை நீக்கம் செய்தது. தொற்றின் முதல் ஆண்டில் அமெரிக்காவின் ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களில் குறைந்தது 59,000 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு 269 பேர் இறந்ததாக அந்த நாடாளுமன்றக் குழு கணக்கிட்டது. ஒரு பெரிய ஆலையில் நோய்ப் பரவலைத் தடுக்கத் தவறிய ஸ்மித்ஃபீல்டு நிறுவனத்துக்கு வேலையிடப் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 13,494 டாலர்.

அதே நாட்டில் இறைச்சி ஆலைகளை இரவில் கழுவும் குத்தகை நிறுவனமொன்று, 13 முதல் 17 வயது வரையிலான 102 பிள்ளைகளை அந்த வேலையில் வைத்திருந்ததைத் தொழிலாளர் துறை 2023இல் கண்டுபிடித்தது. எலும்பு அறுக்கும் ரம்பங்களை அவர்கள் கழுவினார்கள். ஆலை முதலாளியைக் கேட்டால் அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்பார்.

‘எங்கள் ஆட்கள் இல்லை’ என்பதுதான் இந்தத் தொழிலின் மந்திரச் சொல். ஜெர்மனியிலும் அப்படித்தான். ரேடா-வீடன்ப்ரூக் நகரில் உள்ள டோனிஸ் ஆலையில் 2020 ஜூன் மாதம் 1,500 பேருக்கும் மேல் தொற்று கண்டது. பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்திலிருந்து துணைக் குத்தகைதாரர்கள் கூட்டி வந்தவர்கள். ஓர் அறையில் பலராகத் தங்கியிருந்தார்கள். ஆனால் அங்கே ஒரு மாற்றம் வந்தது. வெட்டுதல், பதப்படுத்துதல் ஆகிய முக்கிய வேலைகளுக்குக் குத்தகை ஆள் வைக்கக்கூடாது, நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற சட்டம் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை நேரம் மின்னியல் முறையில் பதிவாக வேண்டும். உடை மாற்றி, கை கழுவும் நேரமும் அதில் சேரும். தொழிலாளர் தங்குமிடத்துக்கும் விதிகள் வந்தன. முடியவே முடியாது என்று தொழில்துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த காரியம், சில மாதங்களில் முடிந்தது.

நம் பக்கம் வருவோம். 2020 டிசம்பரில் ஜோகூர், செனாய் குளிர்க்கிடங்கு ஒன்றில் போலி ஹலால் முத்திரை விவகாரம் வெளிவந்தபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டிய விஷயம்தான். எந்த இறைச்சி, எந்த நாட்டிலிருந்து வந்தது, யார் முத்திரை குத்தினார் என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தப் பெட்டிகளை உறைகுளிரில் சுமந்தவர் யார், எங்கே தங்கியிருந்தார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. கால்நடை அதிகாரியின் முத்திரை இறைச்சிக்கு உண்டு. ஹலால் முத்திரையும் இறைச்சிக்கு உண்டு. அதை வெட்டியவரின் நிலையைச் சொல்லும் முத்திரை எந்தப் பொட்டலத்திலும் இல்லை.

சட்டம் முற்றிலும் இல்லாமல் இல்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானதே. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இருந்த அந்த விதிகள், 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டன. கோழி வெட்டும் ஆலையும் சாசேஜ் தயாரிக்கும் தொழிற்சாலையும் தங்கள் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தங்குமிடங்கள் இன்று அதற்குள் வருகின்றன. அங்கே எத்தனை பேருக்கு ஒரு கழிவறை, ஒருவருக்கு எத்தனை அடி இடம் என்பதையெல்லாம் அதிகாரிகள் நேரில் போய் அளந்து பார்க்கலாம்.