மார்ச்சில் ஒருவர், ஏப்ரலில் ஒருவர்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் மார்ச் மாதம் விரும்பிய அணியில் சேரலாம். கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கும். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020இல் அது 19 கோடியே 82 லட்சம் டாலர். ஆகவே, மார்ச்சில் யாரை எடுப்பது, எந்த இடத்தை ஏப்ரலுக்கு விட்டுவைப்பது என்பதில்தான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்த ஆண்டு டாம்பா பே பக்கனீர்ஸ் அணி போட்ட கணக்கு அருமையானது. நியூ இங்கிலாந்து அணியில் பந்தை வீசுபவராக 20 பருவங்கள் ஆடிய டாம் பிரேடியை 42 வயதில் மார்ச்சில் சேர்த்தது. அந்த வயதில் பந்தை வீசுகிறவரை எதிரணியினர் மோதிச் சாய்த்துவிடாமல் காக்க ஆள் வேண்டுமே! டிராஃப்டின் தேர்வு வரிசையில் 14ஆம் இடத்தில் இருந்த அணி, இன்னொரு தேர்வுரிமையையும் விட்டுக்கொடுத்து ஓரிடம் முன்னேறி, டிரிஸ்டன் விர்ஃப்ஸ் என்ற தடுப்பு வீரரை எடுத்தது. பிரேடியைப் பேசுகிறவர்கள் விர்ஃப்ஸையும் பேச வேண்டும். முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டம் விடாமல் களமிறங்கியவர் அவர்.

2021 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். கான்சாஸ் சிட்டி அணியை 31-9 என்று வென்றது டாம்பா பே. சொந்த மைதானத்திலேயே அந்தக் கோப்பையை வென்ற முதல் அணி அதுதான்.