உங்கள் உடம்புக்கு எந்தச் சண்டை வித்தை?
நெட்டையனுக்கு ஒரு பிடி. குட்டையனுக்கு ஒரு பிடி!

"இந்த உடம்பை வைத்துக்கொண்டு சண்டை பழகப் போகிறாயா?" என்று ஒல்லிப் பையன்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எங்கும் உண்டு. சிரிப்பதற்கு முன் அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஜூடோவைத் தோற்றுவித்தவரே அப்படிப்பட்ட ஒரு பையன்தான்!

அவர் பெயர் ஜிகோரோ கானோ. 1860-ம் ஆண்டு ஜப்பானில் பிறந்தவர். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் உயரமும் இல்லை, பலமும் இல்லை. பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடி வாங்கினார். அதற்கு ஒரு முடிவு கட்டவே 'ஜுஜுத்ஸு' என்ற பழைய மல்வித்தையைக் கற்கப் போனார்.

பயிற்சிக் கூடத்தில் மலை போன்ற ஒருவர் இருந்தார். அவரைக் கானோவால் அசைக்கக்கூட முடியவில்லை. கானோ சோர்ந்துவிடவில்லை. சுமோ மல்லர்களின் பிடிகளை ஆராய்ந்தார். நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிரியின் மார்புக்குக் கீழே குனிந்து புகுந்து, தோள்மேல் தூக்கிப் புரட்டும் பிடி ஒன்று கிடைத்தது. மலை சாய்ந்தது!

நெட்டையாக இருப்பவர் அவ்வளவு சுலபமாகக் கீழே புக முடியுமா? முடியாது. கானோவின் குறையே அங்கே அவருக்கு ஆயுதமாகிவிட்டது. 1882-ம் ஆண்டு, டோக்கியோவில் ஒரு கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கும் இடத்தில் அவர் தமது பள்ளியைத் தொடங்கினார். அதுதான் புகழ்பெற்ற 'கோடோக்கான்'.

ஜப்பான் கலங்கிய நாள்

சிறியவன் பெரியவனை வெல்லலாம். ஜூடோவில் எடை ஒரு பொருட்டல்ல. பல ஆண்டுகள் இதுவே ஜப்பானியரின் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு 1964-ல் சோதனை வந்தது.

அந்த ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம். கானோ மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின் முதன்முதலாக ஜூடோவுக்கு அங்கே இடம் கிடைத்தது. 68 கிலோ வரை, 80 கிலோ வரை, 80-க்கு மேல் என்று மூன்று எடைப் பிரிவுகள். மூன்றிலும் தங்கப் பதக்கம் ஜப்பானுக்கே! நான்காவது, எடை வரம்பே இல்லாத பிரிவு. கானோவின் கொள்கைக்கு அதுவே உரைகல்.

இறுதிப் போட்டியில் ஜப்பானின் காமினாகாவை எதிர்த்து நின்றவர் ஹாலந்து நாட்டு ஆண்டன் கீஸிங்க். உயரம் சுமார் ஆறரை அடி! ஒன்பது நிமிடங்களுக்கு மேல் போராட்டம். கடைசியில் காமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்தார் கீஸிங்க். முப்பது விநாடிகள் கடந்தன. காமினாகா எழவில்லை. ஜப்பானிய ரசிகர்கள் கண் கலங்கினார்கள்.

மகிழ்ச்சி வெறியில் ஹாலந்து ரசிகர்கள் மேடைக்கு ஓடி வந்தார்கள். கீஸிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். எதிரிக்கு வணங்கிவிட்டே இறங்கினார். வெறும் உடம்பு மட்டும் வென்றிருந்தால் அந்தப் பண்பு வந்திருக்காது. அவர் ஜப்பானுக்கே வந்து பாடுபட்டு வித்தை கற்றவர்.

வித்தை சமமாக இருக்கும்போது எடை பேசும்! இன்று ஒலிம்பிக் ஜூடோவில் ஆண்களுக்கு ஏழு எடைப் பிரிவுகள், பெண்களுக்கும் ஏழு. 48 கிலோப் பிரிவில் மணிப்பூர்ப் பெண் சுஷீலா தேவி 2014, 2022 காமன்வெல்த் பந்தயங்களில் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தார்.

யாருக்கு எது பொருந்தும்?

கை கால் நீண்டவர்களுக்குக் குத்துச்சண்டையும், காலால் உதைக்கும் டேக்வாண்டோவும் ஏற்றவை. எதிரி நெருங்குமுன்பே அவர்கள் அடி போய்ச் சேர்ந்துவிடும்.

குட்டையாகக் கட்டுமஸ்தாக இருப்பவர்களுக்கு மல்யுத்தமும் ஜூடோவும் நல்லவை. உடலின் பாரம் தாழ்ந்து நிற்பதால் அவர்களைச் சாய்ப்பது கடினம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கம் தேடித் தந்த மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவ் குள்ளமான மனிதர்தான்.

பருமனானவர்கள் பிடிச் சண்டைகளில் தங்கள் எடையையே துணையாக்கிக்கொள்ளலாம். ஆனால் குதித்து உதைக்கும் பயிற்சி முழங்காலுக்குப் பாரம். அதில் அவசரம் கூடாது.

ஒல்லியானவர்களுக்கு நம் சிலம்பம் இருக்கிறது! கையின் குறையைக் கம்பு நிறைத்துவிடும். அவரவர் உயரத்துக்கு ஏற்ற கம்பைத் தேர்ந்துகொண்டால் போதும். அங்கே வேலை செய்வது மணிக்கட்டின் சுழற்சியும் காலடி வரிசையுமே தவிர, உடம்பின் எடை அல்ல.

விதியை மீறியவர்கள்

இவை வழிகாட்டிகள்தாம், தலைவிதி அல்ல. 1971-ல் நியூயார்க்கில் முகமது அலியைத் தோற்கடித்த ஜோ ஃபிரேஸியர், அலியைவிடச் சுமார் நான்கு அங்குலம் குட்டை. தூரத்தில் நின்றால் அடி வாங்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். குனிந்து குனிந்து உள்ளே புகுந்தார். பதினைந்தாவது சுற்றில் அவருடைய இடது கைக் குத்து அலியைத் தரையில் வீழ்த்தியது!

ஆகவே பிடித்த கலை ஒன்றிருந்தால் உடம்பைக் காரணம் காட்டி அதை விட வேண்டாம். அந்தக் கலைக்குள்ளேயே உங்கள் உடம்புக்கு உரிய முறையைத் தேடுங்கள். ஜூடோவிலேயே, குட்டையானவர் எதிரியின் கைக்கடியில் புகுந்து முதுகின் மேலாக எறிவார். நெட்டையானவர் நீண்ட காலைக் கொடுத்து வாரி எறிவார்.

பெற்றோர் கவனத்துக்கு

பன்னிரண்டு வயதில் இருக்கும் உடம்பு இருபதில் இருக்காது. ஆகவே பிள்ளையின் இன்றைய உருவத்தைப் பார்த்து, "உனக்கு இதுதான்" என்று முடிவு கட்டாதீர்கள். காயமின்றி விழுவதற்கு முதலில் சொல்லித்தரும் ஆசிரியரே நல்ல ஆசிரியர். குழந்தைகளின் தலையில் அடி விழும் பயிற்சியை அனுமதிக்காதீர்கள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே சேர வேண்டும்.

இன்னும் ஓர் அபாயம் உண்டு. சிறிய எடைப் பிரிவில் நுழைவதற்காகப் பட்டினி கிடப்பது, தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவைப்பது போன்றவை உயிருக்கே உலை வைக்கும். 1997-ம் ஆண்டு அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் அப்படி எடை குறைக்கப் போய் மாண்டார்கள். அதன் பிறகே அங்கே விதிகள் கடுமையாயின.

எடைப் பிரிவுகள் ஏற்பட்டது உடம்பைக் காப்பதற்காக. அவற்றுக்காக உடம்பை வதைப்பது கலையும் அல்ல; வீரமும் அல்ல!