வீடு என்னும் சுமைதாங்கி

மாலை ஏழரை மணி. டோம்பிவிலி நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கிய உத்தியோகஸ்தர் ஒருவர் மூன்று மாடி ஏறி வீட்டுக் கதவைத் தட்டுகிறார். "உங்கள் முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது?" என்று மனைவி கேட்கிறாள். "ஒன்றுமில்லை, அலுப்புத்தான்" என்று பதில் வருகிறது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இந்தக் கேள்வியும் பதிலும் நாள்தோறும் நிகழ்கின்றன. அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திப்போம்.

மேலதிகாரியின் கடுஞ்சொல், முடியாத வேலைக்கு விதித்த கெடு, நெரிசலில் நசுங்கிய பயணம் ஆகியவை தனித்தனியே பார்த்தால் சிறியவைதாம். அவை நேரும்போது இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களைப் பொழிகின்றன. இது நோயன்று, ஆபத்தை எதிர்க்க உடல் அணியும் கவசம். ஆபத்து நீங்கியதும் கவசம் கழன்றுவிட வேண்டும். ஆனால் பகலில் கேட்ட சொல்லை இரவில் படுக்கையிலும் நினைத்து நினைத்துப் புழுங்குவோர்க்கு அது கழல்வதேயில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா? அவ்வாறே உடலும் தேய்கிறது.

இதற்குச் சான்று லண்டனில் கிடைத்தது. அந்நகரத்து அரசாங்க ஊழியர்களுள் சுமார் 18,000 ஆடவரை 1967ஆம் ஆண்டு முதல் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்தனர். பொறுப்பு மிகுந்த பெரிய அதிகாரிகளுக்கே இதயநோய் மிகுதி என்று எவரும் எண்ணுவர். கண்டதோ நேர்மாறு. கடைநிலை ஊழியரிடையே இதயநோய் மரணம், உயர்நிலையினரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. புகைபிடித்தல் முதலிய பழக்கங்கள் இவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின. 1985இல் ஆண், பெண் இருபாலாருமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்டவரிடம் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சி மேலும் தெளிவு தந்தது. தம் வேலையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை குறைந்தவர்களையே இதயநோய் மிகுதியாகப் பற்றியது. அலுவலக நெருக்கடி ஆண்டுக்கணக்கில் நீடித்தவர்களுக்கு இடுப்புப் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை ஒருங்கே கெடும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று 2006இல் வெளியிட்டனர்.

வேலை நேரத்துக்கும் இதில் பங்குண்டு. வாரத்திற்கு 55 மணிக்கு மேல் உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் கணித்தன.

நமக்கோ இன்னொரு சுமையும் உண்டு. ஊரில் திண்ணை இருந்தது. மனம்விட்டுப் பேச அண்ணனும் மாமாவும் இருந்தனர். இங்கே வீட்டுக் கடனும் ஊருக்கு அனுப்பும் பணமும் இருக்க, வேலையை உதறவும் இயலாது. தொலைபேசியில் அம்மாவிடமும் "நன்றாயிருக்கிறேன்" என்றே சொல்லுகிறோம்.

தமிழ்நாட்டின் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். தலைச்சுமையோடு வந்தவன் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிச் செல்வான். கல் சுமையைக் குறைப்பதில்லை. ஆனால் அடுத்த காதம் நடக்கும் வலிமையைத் தருகிறது.

வீடு அத்தகைய கல்லாக வேண்டும். வந்தவுடன் வரவுசெலவுக் கணக்கை எடுக்காமல் அரைமணி நேரம் அமைதியாகப் பேசியிருங்கள். இரவு உணவுக்குப்பின் அலுவலகச் செய்தி வரும் கைப்பேசியைத் தள்ளிவையுங்கள். மனைவியும் வேலைக்குச் செல்பவளாயின் அவளுக்கும் சுமைதாங்கி தேவை. அடுப்படியே அவளுக்கு இரண்டாவது ஆபீஸ் ஆகிவிடலாகாது. நம்மில் பிறரை வேலை வாங்கும் நிலையில் இருப்போர், தம் கீழுள்ளவர்க்கு வேலையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையைச் சிறிதேனும் அளித்தல் கடமை. உறக்கம் கெட்டு வாரக்கணக்கில் மனம் சோர்ந்திருந்தால் டாக்டரை நாடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணமில்லை.

இன்று மாலை யாரேனும் "ஒன்றுமில்லை" என்றால், அத்துடன் விட்டுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.