அவனே செய்யட்டும்

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் நிறைந்த தெரு ஒன்றில் என் அத்தை வீடு இருக்கிறது. அத்தை மகனுக்கு வயது 17. அறிவுசார் குறைபாடு உடையவன். அத்தை அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார். யாரேனும் அவன் பெயரைக் கேட்டால் தாமே விடை சொல்வார். இதனினும் மேலான தாயன்பு உண்டோ என வியந்திருக்கிறேன். உளவியல் படிக்கத் தொடங்கிய பிறகே ஐயம் எழுந்தது.

பெற்றோரின் வளர்ப்பு முறைகளை டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலார் 1960களில் மூன்றாகப் பகுத்தார்: அடக்கி வளர்ப்பது, போனபோக்கில் விடுவது, அன்போடு கண்டிப்பும் கலந்து காரணம் சொல்லி வளர்ப்பது. அத்தை இம்மூன்றில் எதிலும் சரியாக அடங்கமாட்டார். அவருடையது அளவு மீறிய காப்பு. 'இவனால் ஆகாது' என்ற தீர்ப்பு அதனுள் ஒளிந்திருக்கிறது.

சமூக வளர்ச்சி என்றால் நாலு பேரோடு கலகலப்பாகப் பேசுவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். எட்கர் டால் 1935இல் வெளியிட்ட வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல், தானே உண்பதையும் உடுப்பதையும் தனியே வெளியே போய்வருவதையும் அதில் சேர்க்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு செயலைப் பிள்ளையால் செய்ய முடியுமா என்று அது கேட்பதில்லை. வழக்கமாகச் செய்கிறானா என்றே கேட்கிறது. எல்லாவற்றையும் தாயே செய்துவிட்டால், முடிந்த பிள்ளையும் அங்கே முடியாதவனாகவே நிற்பான்!

நம் சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' 18 துறைகளில் 360 செயல்களைப் படிப்படியாக அடுக்கித் தருகிறது. அடுத்து எந்தப் படி என்பதே அதன் கேள்வி. இத்தகைய பிள்ளைகள் சிலருக்காகவேனும், நம் மாவட்டத்து முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்?

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெருவில் பிள்ளைகள் அவனைக் கேலி செய்ததை நானும் பார்த்திருக்கிறேன். "எனக்குப் பிறகு இவனுக்கு யாருடா சட்டை மாட்டிவிடுவாங்க?" என்று ஒருநாள் அவரே கேட்டார். சிறப்பாசிரியர்கள் கையாளும் முறை ஒன்றை அப்போது சொன்னேன். பொத்தான்களை எல்லாம் நீங்களே போடுங்கள்; கடைசி ஒன்றை மட்டும் அவனுக்கு விடுங்கள்; அது பழகியதும் கடைசி இரண்டை விடுங்கள். முதல் வாரம் பொறுமை இழந்து அவரே போட்டுவிட்டாராம். மூன்று மாதத்தில் அவன் முழுச் சட்டையையும் போட்டுக்கொண்டான்.

சென்ற பொங்கலுக்குப் போனபோது, கையில் இருபது ரூபாய் கொடுத்து, தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கிவர அனுப்பினார். அவன் திரும்பும் வரை வாசற்படியை விட்டு நகரவில்லை. வந்தான், மீதிச் சில்லறை சரியாக இருந்தது. கையில் இருந்தது புதினா. அன்று எங்களுக்குப் புதினாத் துவையல்.