சேற்றுழவு முடிந்ததா? டை ராடைப் பாருங்கள்

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் மாற்ற மறப்பதில்லை. முன் அச்சுப் பக்கம் குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடின் நுனியில் பால் ஜாயின்ட் இருக்கிறது. ஒரு குண்டு, அதைப் பிடித்திருக்கும் கிண்ணம், மேலே ரப்பர் உறை. சேற்றுழவில் உறை கிழிந்தால் சேறும் மணலும் உள்ளே புகும். கிரீஸ் கரைந்து போகும். குண்டு தேய்ந்து ஒருநாள் கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். வயலில் கழன்றால் வேலை நிற்கும், அவ்வளவுதான். கரும்பு லோடோடு ரோட்டில் கழன்றால் ஒரு முன்சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. மட்கார்டில் ஆள் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். (உட்கார வைப்பதே தவறு.)

சோதிக்க இரண்டு பேர் போதும். சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்ட, மற்றவர் ஜாயின்ட்டின் மேல் கை வைத்துப் பார்க்கட்டும். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஜாயின்ட்டை மாற்றுங்கள். வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி மாட்டிய வண்டிகளை நான் நிறையவே பார்க்கிறேன். பின்னின் விலையோ சில ரூபாய்தான்!

கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயின்ட் என்றால், சேற்றுழவு நாட்களில் மாலையில் கழுவிவிட்டு, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை அடியுங்கள். ரோட்டில் ஏறும் முன் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி திரும்பிக் கவிழலாம். ஜாயின்ட் மாற்றிய கையோடு முன்சக்கர அலைன்மென்ட்டையும் மெக்கானிக்கிடம் சரிபார்த்து வாங்குங்கள்.